வீம்பு தோற்ற மருந்துக்கடை

எங்கள் தெரு மருந்துக்கடையில் முப்பத்தோரு வருஷமாக நான் கால் வைத்ததில்லை. இன்றைக்கு வைத்தேன்.

கடை திறந்த புதிதில் ஒலிபெருக்கியை எங்கள் வீட்டைப் பார்த்துக் கட்டி விளம்பரம் போட்டார்கள். மகளுக்கு அம்மை போட்டிருந்த நேரம். கொஞ்சம் குறைக்கச் சொல்லிப் போய் நின்றேன். செவ்வாய்க்கிழமை அது.

"விக்கிறவன் கத்தத்தான் செய்வான். காதப் பொத்திக்க" என்றார் முதலாளி.

ஓர் எழுத்தும் மறக்கவில்லை.

இப்போது கடை அவர் மருமகள் கையில். பத்து நாளாக என் வீட்டுக்காரருக்கு இழுப்பு. வாயில் வைத்து இழுக்கிற பம்பு எங்கும் கிடைக்கவில்லை. ஊரின் மறுகோடியில் இருக்கிற லைங் தாயா வரைக்கும் போய்த் தேடிய மகன், எனக்குத் தெரியாமல் இந்தக் கடையிலும் கேட்டிருக்கிறான்.

காலையில் போனில் அந்த மருமகளின் குரல், பர்மியர் வழக்கப்படி பெயருக்கு முன்னால் மரியாதைக்கு 'டோ' போட்டு.

"டோ செல்லம்மா அத்தே, மாமாவுக்குக் கேட்ட பம்பு ரெண்டே ரெண்டுதான் வந்துச்சு. ஒண்ணு உங்களுக்குன்னு எடுத்து வச்சிட்டேன். வர்றீங்களா, நான் கொண்டாரவா?"

பக்கத்தில் அவர் மூச்சுக்குத் தவிக்கிறார். என்ன வீம்பு பண்ணுவது? போனேன்.

பம்பைப் பிடிக்கிற விதத்தைப் பொறுமையாகக் காட்டிக் கொடுத்தாள். நான் விடவில்லை. "உன் மாமனார் அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் அத்தே, தெருவுக்கே சொல்லியிருக்கீங்களே!" என்று சிரித்தாள். "இப்ப நாங்க கத்துறதில்ல. மாமாவுக்கு நல்லாயிட்டா, நெட்டுல கடையப் பத்தி ரெண்டு வரி போடுங்க. அது போதும்."

அவர் இப்போது நிம்மதியாகத் தூங்குகிறார். இதோ, போட்டுவிட்டேன்.

கடையின் பெயரை எழுத மட்டும் கை வரமாட்டேன் என்கிறது. வேண்டியவர்கள் கேளுங்கள், தனியாகச் சொல்கிறேன்.