வயர் வழியே வந்த வள்ளம்

எங்கள் கேமராவுக்கு வாய் கெட்டுப்போய்க் கண் மட்டும் நன்றாக இருந்தது. தோளில் தூக்கிவைத்துப் படம் பிடிக்கிற பழைய வீடியோ கேமரா அது. தங்கச்சிமடத்துக் கடல் காற்று அதன் டேப் போடும் பெட்டிக்குள் புகுந்து துருவேற்றிவிட்டது. டேப்பை உள்ளே தள்ளினால் கடகடவென்று மென்று இடியாப்பம் மாதிரி வெளியே துப்பும். கடைசியாக ஒரு ஞானஸ்நானத்தை முழுசாகத் தின்றுவிட்டு ஓய்ந்தது. அந்த வீட்டுக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது என்னவோ நான்தான். படம் பிடித்த என் வீட்டுக்காரர் கொல்லைப்புறமாக டீக்கடைக்குப் போய்விட்டார்.

நான் உத்தரகோசமங்கைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். வாக்கப்பட்டு வந்த இடத்தில் கடலும் ஒரு ஸ்டூடியோவும் இருந்தன. கடல் எனக்குச் சீக்கிரம் பிடித்துவிட்டது. ஸ்டூடியோ பிடிக்கக் கொஞ்ச நாள் ஆனது. வீட்டில் சும்மா உட்கார்ந்து ஈ ஓட்ட என்னால் முடியாது என்று சண்டை போட்டு, ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறிப் போய் கம்ப்யூட்டரில் எடிட்டிங் கற்றுக்கொண்டேன். இரண்டாயிரத்து மூன்றில் ஒரு கம்ப்யூட்டரும் வாங்கினோம். உள்ளே கேப்சர் கார்டு என்று ஒரு பச்சை அட்டை இருந்தது. கேமராவில் டேப்பை ஓடவிட்டு வயரை அதில் சொருகினால், படத்தைக் கம்ப்யூட்டருக்குள் இழுத்துவிடும். நல்ல பொருள்தான். ஆனால் அது வந்து சேர்ந்த நேரம் பார்த்துத்தானா கேமரா டேப் தின்னத் தொடங்க வேண்டும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒருநாள் மத்தியானம் அந்த எரிச்சலில் டேப் எதுவும் போடாமலே மஞ்சள் முனை வயரைக் கேமராவிலும் கம்ப்யூட்டரிலும் சொருகிப் பார்த்தேன். எடிட்டிங் சாஃப்ட்வேரின் சின்னக் கட்டத்துக்குள் ஒரு ஆள் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார். யாரடா இது என்று பார்த்தால் ஃபேனுக்கு அடியில் படுத்திருந்த என் வீட்டுக்காரர். அவர் சொறிவதை நிறுத்தினார், திரையிலும் நிறுத்தினார்.

"இங்கன வாங்க! எந்திரிச்சு வாங்க! நீங்க டிவில வாரீக!" என்று கத்தினேன்.

அவர் எழுந்து வந்து பார்ப்பதற்குள் திரை காலி. திரும்பப் போய்ப் படுத்தார், நான் கேப்சர் பொத்தானை அமுக்கினேன். அவர் கொட்டாவி விட்டது, கால் ஆட்டியது எல்லாம் டேப்பே இல்லாமல் நேராக ஹார்ட் டிஸ்க்கில் ஏறிவிட்டது. அதைப் போட்டுக் காட்டியதும் மனிதர் வாயைப் பிளந்தார். டேப் போட்டால்தானே தின்னும், போடாவிட்டால் எதைத் தின்னும்? அன்றைக்கு ராத்திரி சந்தோஷத்தில் அவருக்கு நண்டு வறுத்துக் கொடுத்தேன்.

ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. கேமரா வயரின் நீளத்துக்கு மேல் நகர முடியாது. முளையில் கட்டின மாடு மாதிரி ஸ்டூடியோவுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். பிறந்தநாள் பிள்ளைகள் எங்களிடம் வந்து கேக் வெட்டினார்கள். வீட்டில் போய் எடுக்கச் சொன்னவர்களிடம் என் வீட்டுக்காரர், "லைவ் கேப்சர்ங்க, ஸ்டூடியோவுலதான் தரமா வரும்" என்று அடித்துவிடுவார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

இப்படி வண்டி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த அண்ணன் வந்தார். கடற்கரையோரம் வீடு. அடுத்தவர் வள்ளத்தில் கூலிக்குக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், இப்போது சொந்தமாக ஒரு வள்ளம் கட்டி முடித்திருந்தார். தாலியைத் தவிர அவர் மனைவியின் நகையெல்லாம் அந்த மரத்துக்குள் போயிருந்தது. அந்த அக்கா வள்ளம் கட்டுகிற இடத்துக்குத் தினமும் போய் ஒவ்வொரு பலகையாகத் தடவிப் பார்த்தவர். எல்லாம் முடிகிற சமயத்தில், உள்ளே எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று ஏணி வைத்து ஏறி, தன் வள்ளத்திலிருந்து தானே விழுந்து காலை முறித்துக்கொண்டார். தொடைவரை மாவுக்கட்டு. டாக்டர் அசையக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

"சேர்ல வச்சுக் கடக்கரைக்குத் தூக்கிட்டுப் போலாம்னு நேத்துப் பாத்தோம் தங்கச்சி," என்றார் அண்ணன். "வாசப்படி தாண்டல, வலி தாங்காம அலறிட்டா. வள்ளத்தக் கடல்ல எறக்க நாளைக்குன்னு ஃபாதரு தேதி குடுத்துட்டாரு. கூட வார ஆளுகளும் காத்துக் கெடக்காக. தள்ளிப்போட முடியாது. அவ ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறா. வள்ளம் தண்ணியத் தொடுறத என் கண்ணால பாக்கணும், அம்புட்டுத்தாங்கிறா. படம் புடிச்சு அவளுக்குக் காட்டணும்."

என் வீட்டுக்காரர் வழக்கம்போல, லைவ் கேப்சர், ஸ்டூடியோ என்று ஆரம்பித்தார். "வள்ளத்தத் தூக்கிட்டு ஸ்டூடியோவுக்கு வரச் சொல்றீகளா?" என்று ஒரு போடு போட்டேன். அண்ணனிடம் திரும்பி, "பிடிச்சுப் பெறகு காட்டுறதென்ன, நடக்கும்போதே காட்டுறோம். கம்ப்யூட்டர் ஒங்க வீட்டுல, கேமரா கடக்கரைல. நாளைக்கு வாரோம்ணே," என்றேன்.

அவர் போனதும் என் வீட்டுக்காரர், "வயருக்கு எங்கன போவ?" என்றார்.

"கேபிள் டிவிக்காரர் ஒங்க கூட்டாளிதான? நாள் பூரா அங்கனதான உக்காந்திருக்கீக?"

கேபிள் டிவிக்காரர் ஒரு சுருள் கறுப்பு வயர் கொடுத்தார். இரண்டு முனையிலும் மஞ்சள் பின்னை நானே பற்றவைத்தேன். கேமரா பேட்டரியும் எப்போதோ செத்திருந்தது, அதனால் எங்கள் மோட்டார் சைக்கிள் பேட்டரியைக் கழற்றி மஞ்சப்பையில் போட்டுக் கேமராவோடு இணைத்தோம். மறுநாள் காலையில் மீன் வண்டியில் கம்ப்யூட்டரைப் போர்வை சுற்றிப் படுக்கவைத்து, நான் மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் சிரிப்பு. "ஏத்தா, டிவி பொட்டிக்குக் காச்சலா?" என்று ஒரு அம்மா கேட்டார்.

அந்த அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் மானிட்டரை வைத்தேன். வயரை ஜன்னல் வழியாக விட்டுத் தென்னைமரங்களுக்கு நடுவே கடற்கரைவரைக்கும் இழுத்தோம். கேமரா ஒரு மேசைமேல், வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் நின்றது, அதன் பின்னால் என் வீட்டுக்காரர். யாரும் தடுக்கி விழாமல் இருக்க வயர் நெடுகப் பெண்கள் உட்கார்ந்துகொண்டார்கள். கட்டத்துக்குள் படம் வந்தது. நீலமும் வெள்ளையும் அடித்த புது வள்ளம், அணியத்தில் மாலை, அதாவது தண்ணீரைக் கிழித்துப்போகிற அந்த முன்மூக்கில். படம் கொஞ்சம் வெளிறித்தான் இருந்தது. படம் மட்டும்தான் வயரில் வந்தது, சத்தம் ஜன்னல் வழியாக வந்தது.

"மாதாவே," என்றார் அக்கா. அதற்குப் பிறகு அவர் வாய் ஓயவில்லை. கேப்சரை அமுக்கிவிட்டு நான் அவர் சொல்வதை ஜன்னலில் நின்று கத்துவேன். வயரோரம் இருந்த பெண்கள் வாய்க்கு வாய் மாற்றிக் கடற்கரைக்கு அனுப்புவார்கள். "மாலை சாஞ்சிருக்கு, நிமித்தச் சொல்லு!" மாலை நிமிரும். "அந்தச் செவப்புச் சட்டை மறைக்காரு, நகரச் சொல்லு!" சிவப்புச் சட்டை துள்ளி நகரும். காலை முறித்துக்கொண்டு படுத்திருக்கிறவர் கட்டிலில் இருந்தே கடற்கரையை ஆட்டிவைத்தார்.

ஃபாதர் ஜெபம் தொடங்கினார். புது வள்ளமாயிற்றே, குறை வைக்கக் கூடாது என்று அவர் நிதானமாகவே செய்தார். தீர்த்தம் தெளித்தார். பிறகு பிரசங்கம். கடலைப் பற்றி, மீனைப் பற்றி, வலையைப் பற்றி, பொறுமையைப் பற்றி. என் வீட்டுக்காரர் பக்தியோடு ஃபாதரையே காட்டிக்கொண்டிருந்தார்.

"ஏ புள்ள, ஃபாதரப் பாத்தது போதும், வள்ளத்தக் காட்டச் சொல்லு!" என்றார் அக்கா. அதை நான் கத்தியிருக்கவே வேண்டாம். கத்திவிட்டேன். வாய்க்கு வாய் போய், கடைசியில் இருந்த பெண் அதை ஃபாதருக்கே கேட்கிற மாதிரி, "ஃபாதரப் பாத்தது போதுமாம்! வள்ளத்தக் காட்டணுமாம்!" என்று கூவினாள். கடற்கரை கொல்லென்று சிரித்தது. திரையில் ஃபாதர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டு, கேமராவைப் பார்த்துக் கும்பிட்டு நகர்ந்துகொண்டார்.

ஆட்கள் வள்ளத்தைச் சுற்றி நின்று தோள் கொடுத்தார்கள். அண்ணன் பின்னால் நடுவில் குனிந்திருந்தார். ஜன்னல் வழியாகத் தள்ளு, தள்ளு என்று சத்தம். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடி என்றால் அப்படி ஒரு பிடி, என் வளையல் இரண்டு நொறுங்கின. வள்ளம் உருளைக்கட்டைமேல் அசைந்து, போய், தண்ணீரைத் தொட்டது. அக்கா "ஆ" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு அழுதார், சிரித்தார், மறுபடி அழுதார். நானும் அழுதேன். யார் வீட்டு வள்ளத்துக்கோ நான் ஏன் அழுதேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

கொஞ்ச நேரத்தில் எல்லோரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பாயாசம் கொடுத்தார்கள். அண்ணன் ஈரத்துணியோடு வந்து மானிட்டர் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "போடு தங்கச்சி, நானும் பாக்கணும்," என்றார். பின்னால் அறை நிறைய ஆட்கள். நான் பெருமையாகப் போட்டேன்.

மாலை வந்தது. சிவப்புச் சட்டை வந்தது. ஜெபம் வந்தது. பிரசங்கத்தில் கடல் வந்தது, மீன் வந்தது, வலையை முடித்துப் பொறுமைக்கு ஃபாதர் வாயைத் திறந்தார். படம் நின்றுவிட்டது. திரும்பப் போட்டேன். அங்கேயே நின்றது. அதற்குமேல் ஒன்றும் இல்லை.

அந்த டிஸ்க்கில் ஒரு ஃபைல் ஓர் அளவுக்கு மேல் வளராதாம். வளர்ந்ததும் உள்ளே ஏற்றுவதை நிறுத்திவிட்டு, திரையில் மட்டும் படத்தைக் காட்டிக்கொண்டே இருக்குமாம். பிறகு ராமநாதபுரத்துக் கம்ப்யூட்டர் கடைக்காரர் சாவகாசமாகச் சொன்னார். ஸ்டூடியோவில் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டிருந்ததால் எங்களுக்கு அது தெரியவே வாய்ப்பில்லை. பாவி, ஒரு பீப் சத்தமாவது போட்டிருக்கக் கூடாதா? அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிக் கடலில் வீசியிருப்பேன். இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்களே என்றுதான் விட்டேன். என் வீட்டுக்காரர் பின்வாசல் எங்கே இருக்கிறது என்று கண்ணால் தேடிக்கொண்டிருந்தார்.

அண்ணன் நின்றுபோன படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நானும் பாக்கலயே," என்றார் மெதுவாக. "குனிஞ்சு தள்ளிக்கிட்டுல்ல இருந்தேன். வெறும் பலகையத்தான் பாத்தேன். படத்துல பாத்துக்கிரலாம்னு இருந்தேன்." ஆசை ஆசையாகக் கட்டின மனிதர், தன் வள்ளம் தண்ணீரைத் தொட்டதைப் பார்க்காமலே போய்விட்டார்.

"நான் பாத்தேன்ல," என்றார் அக்கா கட்டிலில் இருந்து. "அதுக்கு ஏன் மொகத்தத் தொங்கப் போடுறீக? இங்கன வந்து உக்காருங்க. சொல்றேன்."

அவர் ஈரத்தோடு கட்டிலோரம் போய் உட்கார்ந்தார். அக்கா கையால் காட்டிக்காட்டிச் சொன்னார். "மொதல்ல அணியம் போய்த் தண்ணில முட்டுச்சு. ஒரு அலை வந்து மாலைய நனைச்சிட்டுப் போச்சு. ஒரு தடவ தலையக் குனிஞ்சு, அப்புறம் இப்பிடி மேல வந்துச்சு பாருங்க, நம்ம வள்ளம்! அது வழுக்கிப் போனதும் நீங்க குப்புற விழுந்தீக."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் வெட்கப்பட்டுச் சிரித்தார்.

"எந்திரிச்சு மூஞ்சியத் தொடச்சீக," என்றார் அக்கா. "வள்ளம் மெதக்குது. எல்லாரும் அதத்தான் பாக்குறாக. நீங்க மட்டும் இந்தப் பக்கமாத் திரும்பி நம்ம வீட்டப் பாத்துக்கிட்டு நின்னீக."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அறையில் சிரிப்பு அடங்கிவிட்டது. அங்கிருந்து பார்த்தால் அவருக்குத் தென்னைமரங்களும் ஓட்டுக்கூரையும் தவிர வேறு என்ன தெரிந்திருக்கும்?

"ஒனக்குத் தெரிஞ்சுச்சா?" என்று கேட்டார்.

"நல்லாத் தெரிஞ்சுச்சு," என்றார் அக்கா.