சமுத்திரம் கொடுத்த கட்டுத்துணி

தவசிமுத்து பத்தொன்பது வருடம் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவார். புதிதாக வருகிறவர்கள் அவருடைய பழைய பக்கங்களைப் பார்த்துத்தான் எழுதப் பழகினார்கள்.

அத்தனை வருடத்தில் அவர் கண்டது ஒன்று: தப்புச் செய்தவன் எவனும் தன்னைக் கெட்டவன் என்று நினைப்பதில்லை. களவாண்டவன் “அவனுக்கு இல்லாததா?” என்பான். பெண்டாட்டியை அடித்தவன் “அவ வாய மூடியிருந்தா நான் ஏன் அடிக்கேன்?” என்பான். முதலில் நியாயம் தயாராகிறது. பிறகுதான் கை நீளுகிறது.

1991 ஆனியில், மம்சாபுரம் பக்கம் துணி வியாபாரி சமுத்திரத்தின் கொட்டகையைச் சோதனை போட்டார்கள். ராஜபாளையம் மில்லின் புதுக் கட்டுத்துணி என்று அவன் விற்றது, ஆஸ்பத்திரிகள் புண்ணிலிருந்து அவிழ்த்து வீசியெறிந்த பழைய கட்டு. அதை வெளுக்கும் தொட்டியில் சீழ் ஆடைபோல மிதந்தது. ஒரு சுருளை விரித்தபோது உள்மடிப்பில் தோல் ஒட்டியிருந்தது. தவசிமுத்து வெளியே போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து, அதையும் மகஜரில் எழுதினார்.

ஸ்டேஷனில் சமுத்திரம் நிதானமாக டீ குடித்தான்.

“வெளுத்தா எல்லாம் புதுசுதான், ஏட்டையா. வேட்டிய வெளுத்துக் கட்டலையா?”

“ஏலே, அந்தத் துணியப் புண்ணுல கட்டி, அழுகிப்போயி, உங்க ஊரு வெள்ளத்தாய்க்குக் கால எடுத்துட்டாங்க.”

“சர்க்கரை வியாதிக்காரி. எப்படியும் போற காலுதான். நான் விக்கலைன்னா இன்னொருத்தன் விப்பான்.” பிறகு சிரித்தான். “உங்க ஸ்டேஷன் மருந்துப்பெட்டிக்கு ஆயுதபூசை அன்னைக்குக் கட்டுத்துணி யாரு குடுத்தா? ஓசின்னதும் ஒரு கேள்வியும் கேக்கலையே.”

உண்மைதான். பூசைக்கு வியாபாரிகள் கொண்டுவந்து கொடுப்பது வழக்கம். போன வருடம் பன்னிரண்டு சுருளைக் கைநீட்டி வாங்கியவர் தவசிமுத்து.

எல்லா ஸ்டேஷனிலும் வாங்குகிறார்கள், எனக்கென்ன தெரியும் என்று மனம் சொன்னது. சொன்னதும் உடம்பு கூசியது. எதிரே டீ குடிப்பவனின் பேச்சு தனக்குள்ளேயே கேட்டது. தொட்டியைப் பார்த்தபோதுகூட இவ்வளவு குமட்டவில்லை.

இன்ஸ்பெக்டர் ராஜரத்தினம் அவரைத் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். “பெட்டியக் கிணத்துல போட்டுரும். எழுதுனா உம்ம வேலைதான்யா போகும். பென்சனுக்கு இன்னும் எம்புட்டு வருசம்?”

“ஒம்பது, ஐயா.”

“பொறவு என்ன?”

தவசிமுத்து பெட்டியை மேசையில் கவிழ்த்து எண்ணினார். ‘மீதி ஏழு சுருள். இலவசமாக வாங்கியவர் ரைட்டர் தவசிமுத்து. அவரே ஐந்து பேருக்குக் கட்டியது ஐந்து சுருள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பதினொரு மாதம் சஸ்பென்ஷன். அந்த மாதங்களில் அவர் பஸ் ஏறி, தான் கட்டுப்போட்டவர்களைத் தேடிப் போனார். தளவாய்புரத்தில் ஐயாதுரை வேட்டியைத் தூக்கி முழங்காலைக் காட்டினார். “ஆறிப் போச்சுங்க. இதுக்காகவா வந்தீய?” விரலால் தழும்பைத் தடவிப் பார்த்த பிறகே தவசிமுத்து எழுந்தார்.

நான்கு பேரைப் பார்த்துவிட்டார். ஐந்தாவது, லாரி மோதிய ஒரு பெண். தலையில் கட்டுப்போட்டு பஸ் ஏற்றி அனுப்பியிருந்தார். எந்த ஊர் என்று அன்றைக்கு அவர் கேட்டுக்கொள்ளவில்லை.