மூன்று கிழமை எலும்பு

போன மாதம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். பிளாஸ்டர் போட்டு மூன்று கிழமைதான், இருபத்தொரு நாள்தான் ஆகியிருந்தது. ஒரு காலை, கத்தரிக்கோலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"பிள்ளை, இதை ஒருக்கா வெட்டிவிடு. நாளைக்கு உடுப்பிட்டியிலை கலியாணம். பிளவுஸின்ரை கை ஏறுதில்லை. கட்டோடை போய் நிண்டால் சனம் என்ன கதைக்கும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று கிழமை! அதே மூன்று கிழமை.

பதின்மூன்று வயதில் நான் சைக்கிளால் விழுந்தேன். வலது முன்னங்கையின் இரண்டு எலும்புகளும் முறிந்தன. ஆறு கிழமைக்குக் கழற்றக்கூடாது என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியில் விட்டார்கள். மூன்றாவது கிழமையில் என் சாமத்தியவீடு, பெரியபிள்ளையானதற்கான சடங்கு. கனடாவிலிருந்து மாமா லீவில் வந்து நிற்கிறார், மண்டபம் எடுத்தாயிற்று, வீடியோவுக்கும் சொல்லியாயிற்று. என் கை ஒன்றுதான் ஒத்துவரவில்லை. வெள்ளைக் கட்டோடு பெண்ணை மணவறையில் இருத்துவதா? அபசகுனமாம். அம்மாவும் மாமியும் பிளாஸ்டரைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து வெட்டினார்கள். பிறகு சவர்க்காரம் பூசி, கையைப் பிசைந்து முறுக்கி, ஒரு டசின் காப்பை ஏற்றினார்கள். உள்ளே ஏதோ நழுவியது. அலறினேன்.

"வீடியோ ஓடுது, சிரி பிள்ளை," என்றார் மாமி.

பல வருடங்களுக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் ஓர் எலும்பு டொக்டர் என் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து விளக்கினார். முறிந்த இடத்தில் முதலில் இளநீர் வழுக்கை போல ஒன்றுதான் வளருமாம். அது இறுகி எலும்பாகக் கிழமைக்கணக்காகும். அதற்குப் பிறகும் எலும்பு சும்மா இருப்பதில்லை. வேண்டாத இடத்தைக் கரைத்து, பாரம் விழும் இடத்தில் புதிதாகக் கட்டி, வருடக்கணக்கில் தன்னைத் திருத்திக்கொண்டே இருக்கும். வளரும் பிள்ளைகளின் எலும்பு வளைவைக்கூட நிமிர்த்திவிடுமாம்.

"முறுகினதை மட்டும் அதாலை திருத்தேலாது," என்றார். "உங்கடை கையிலை அந்த வழுக்கையைப் பிடிச்சு முறுக்கியிருக்கினம்."

என் வலது உள்ளங்கை மேல்நோக்கித் திரும்பாது. கோயிலில் தீர்த்தம் வாங்க, தோளைச் சரித்து உடம்பையே வளைத்து நிற்கிறேன். ஒவ்வொரு வெள்ளியும் பக்கத்திலேயே நிற்கும் அம்மா, ஏன் இப்படி நிற்கிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

கத்தரிக்கோலை அம்மா பக்கம் தள்ளினேன்.

"எழுபது வயது எலும்பு, அம்மா. கரையிறது கூட, கட்டுறது குறைவு. இப்ப வெட்டினால் பிழையாப் பொருந்திப்போம்."

"உனக்கும் வெட்டினனாங்கள்தானே. உனக்கு ஒண்டும் நடக்கேல்லையே."

ஒண்டும் நடக்கேல்லையாம்! செம்பில் தண்ணீர் எடுத்து அம்மாவின் நல்ல கையில் கொடுத்தேன். தோளைச் சரிக்காமல், நேராக நின்று என் வலது கையை நீட்டினேன்.

"ஊத்துங்கோ."

ஊற்றினார். தண்ணீர் முழுவதும் நிலத்தில் விழுந்தது.

"கையை நிமித்திப் பிடியன்."

"இவ்வளவுதான் திரும்பும்."

அம்மா மறுபடி ஊற்றிப் பார்த்தார். அதுவும் நிலத்தில்தான். செம்பை மெல்ல வைத்தார்.

"அண்டைக்கு நீ கத்திக் குளறினது காப்பு இறுக்கத்திலையெண்டு நினைச்சன்," என்றார்.

என் கோபம் ஆறவில்லை, இன்னும் கூடியது. கத்தரிக்கோலை எடுத்தேன். கதிரையில் விரித்துக் கிடந்த பட்டு பிளவுஸின் இடது கையைத் தோள்வரை நீளத்துக்கு வெட்டினேன்.

"இப்ப ஏறும். போடுங்கோ."