தறிக்குழியில் விரித்த சாக்கு

மேலாளரே, அந்தச் சாக்குகளில் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

நான் திருத்தணியில் கைத்தறி நெய்தவள். என் கணவர் உங்கள் ஆஸ்பெஸ்டாஸ் (கல்நார்) கூரைத் தகடு ஆலையில் கேட் காவலாளி. காரணம் தெரியாமல் இருமிக்கொண்டிருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் மூச்சு வாங்கியது மலைப் படியில். ஆடிக் கிருத்திகைக்கு ஏறினோம். நூறு படி தாண்டவில்லை, உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னா அண்ணி, முருகனே எறங்கி வந்து தரிசனம் குடுக்கணுமா?" என்று நாத்தனார் சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன். இருமல்தான் வந்தது.

மருத்துவமனையில் காசநோய் என்றார்கள். நெசவுக்காரி இருமினால் வேறு என்ன நினைப்பார்கள்? சளியில் கிருமி இல்லை. இருந்தும் ஒரு வருடம் ஊசி, மாத்திரை. என் தட்டைத் தனியாக வைத்தேன். பிள்ளைகளைப் பக்கத்தில் விடவில்லை. அந்த வருடத்தை யார் திருப்பித் தருவார்கள்?

மூச்சு குறைந்துகொண்டே போனது. சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"ஆஸ்பெஸ்டாஸ் கம்பெனில வேலை செஞ்சியாம்மா?"

"இல்லீங்க, தறிதான்."

"நான்தான் சார் அங்க கேட்ல இருக்கறேன்," என்றார் என் கணவர். "தூசி பக்கமே போனதில்ல. கல்நார் வந்த வெறும் சாக்கு குடுப்பாங்க, ஊட்டுக்குக் கொண்டாருவேன்."

"சாக்கை யார் உதறுனது?"

அவர் என்னைப் பார்த்தார்.

நான்தான் உதறினேன். ஒவ்வொரு சாக்கையும் சுவரில் அடிப்பேன். ஒட்டியிருந்த தூசி பஞ்சு போல் பறக்கும். தறிக்குழியில் காலை விட்டு நெய்யும்போது ஈரத்தில் விறைக்கும் என்று குழியில் விரித்தேன். மிச்சத்தைத் தைத்துப் பிள்ளைகளுக்குப் படுக்கையாக்கினேன்.

நோயின் பெயர் ஆஸ்பெஸ்டாசிஸ் (கல்நார்த் தூசி உள்ளே போய், நுரையீரல் தழும்பேறி இறுகிவிடுவது). இருபது வருடம்கூட சத்தமில்லாமல் இருக்குமாம். குணமாக்க மருந்து கிடையாது.

திரும்பும் ரயிலில், அரக்கோணம் வந்தபோது என் கணவர், "நான்தானே கொண்டாந்தேன்," என்று ஒரே ஒருமுறை சொன்னார்.

மறுநாள் உங்களிடம் வந்தார்.

"உன் பொண்டாட்டி நம்ம கம்பெனி ஆளாய்யா?" என்று கேட்டீர்கள்.

"இல்லீங்க."

"அப்பறம் எங்கிட்ட இன்னாத்துக்கு வந்து நின்னுகினு இருக்க?"

பல வருடம் முன்பே, இனிமேல் ஒரு சாக்கும் வெளியே போகக் கூடாது என்று அவரிடமே உத்தரவு போட்டீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, சொன்னதைச் செய் என்றீர்கள். ஏற்கெனவே வெளியே போனவை? எங்கள் குழியில் அதற்குப் பிறகும் ஆறு வருடம் கிடந்தன.

இப்போது ஒரு வாக்கியம் பேசி முடிக்க இரண்டு மூச்சு வேண்டும். தண்ணீர்க் குடம் அடுப்பங்கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு இடத்தில் இறக்கி வைக்கிறேன். எனக்கு வந்தது வந்துவிட்டது. மகளுக்கு இருபது வயது. அவள் சாதாரண சளிக்கு இருமினாலும், அந்தச் சாக்கில் அவள் எத்தனை வருடம் படுத்தாள் என்று கணக்குப் போடுகிறேன்.

இதை எழுதினால் வேலை போய்விடும் என்கிறார் என் கணவர். போகட்டும்.

யார் யார் சாக்கு எடுத்துப் போனார்கள் என்பது உங்கள் கேட் புத்தகத்தில் இருக்கிறது. எழுதியவர் அவர்தான். அந்தப் பெயர்களை ஆலை வாசலில் நின்று உரக்கப் படியுங்கள். சாக்கை ஏன் நிறுத்தினீர்கள் என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லுங்கள்.