பிலோமின் டீச்சர் போட்ட பென்சில் வட்டம்

செய்தி வந்தபோது பெரிய மார்க்கெட்டில் சங்கரா மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். போனில் பிலோமின் டீச்சரின் தங்கை. "அக்கா போயிட்டா டீச்சர். காலையில காபி கேட்டா, கொண்டு வர்றதுக்குள்ள..." "யம்மா, மீன வுட்டுட்டுப் போறியே!" என்று மீன்காரம்மா பின்னால் கத்தியது கேட்டது. திரும்பத் தோன்றவில்லை.

நம் பள்ளியில் அவரும் நானும் சரித்திர டீச்சர்கள். பதினோரு வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவரிடம் படித்த உங்களுக்கு, முதல் உலகப் போருக்குக் காரணமான சரயேவோ கொலைப் பாடம் மறந்திருக்காது. ஆஸ்திரிய இளவரசரின் காரோட்டி தப்பான தெருவில் திரும்பினான். துப்பாக்கியோடு இருந்தவனுக்கு எதிரிலேயே கார் போய் நின்றது. அந்த இடம் வந்தால் ஒவ்வொரு வருடமும் டீச்சர் புத்தகத்தை மூடி வைத்துவிடுவார். பிறகு உங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் அந்தப் போரின் நினைவுச்சின்னத்தின் முன் நிறுத்துவார். "எங்கியோ ஒருத்தன் சுட்டான். அப்ப பிரெஞ்சுக்காரன் ஆண்ட நம்ம ஊரு ஆளுங்க கப்பலேறிப் போய் பிரான்ஸ்ல செத்தாங்க. ஒரு கொலை எவ்ளோ தூரம் நடந்து வருது பாருங்க" என்பார்.

அவருடைய கேள்வித்தாளில் கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: 'அன்று சாயங்காலம் யார் வீட்டில் யார் அழுதார்கள்?' இதற்கெல்லாம் எப்படி மார்க் போடுவது என்று நான் கிண்டல் செய்வேன். "அந்த இளவரசர் வூட்ல மூணு புள்ளைங்க இருந்துச்சே டீச்சர், அத யாரு எழுதுவா?" என்று கேட்பார்.

யார் நோட்டிலும் அவர் சிவப்பு மையால் அடித்ததில்லை. மனசுக்கு ஒப்பாத வரியைப் பென்சிலால் வட்டமிடுவார். நேரில் வா, பேசலாம் என்று அதற்கு அர்த்தம். நீங்கள் எல்லோரும் போயிருப்பீர்கள். நான்தான் போகவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் ஆண்டு மலருக்கு 'உலகை மாற்றிய கொலைகள்' என்று ஒரு கட்டுரை எழுதினேன். அரசர்கள், தலைவர்கள், அவர்கள் விழுந்ததும் மூண்ட சண்டைகள், மாறிய எல்லைகள். முடிவில் ஜம்பமாக ஒரு வரி: 'தெருவில் குத்துப்பட்டுச் சாகிறவனுக்குச் சரித்திரத்தில் இடமில்லை.' படித்துப் பார்க்கக் கொடுத்தேன். அந்த வரியை வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தார். எனக்கா வட்டம், நான் என்ன எட்டாங்கிளாஸ் பிள்ளையா என்று எனக்கு ஒரே கோபம். அப்படியே அச்சுக்கு அனுப்பிவிட்டேன். மலர் வந்த அன்று புரட்டிப் பார்த்து, "நல்லா வந்திருக்கு டீச்சர்" என்றார். மறுநாளும் வழக்கம்போல எனக்கென்று ஒரு டப்பாவில் குழம்பு கொண்டுவந்தார்.

அடக்கத்தன்றுதான் அவர் வீட்டுச் சுவரில் கணவரின் படத்தைப் பார்த்தேன். உடம்பு சரியில்லாமல் இறந்தவர் என்று நானாகவே நினைத்திருந்தேன். தங்கையிடம் கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாதா டீச்சர்? நீங்க ஸ்கூல்ல சேர்றதுக்கு முன்னாடி நடந்துச்சு. இங்க நம்ம ஊரு மேட்டுப்பாளையத்துல கம்பெனி வேல முடிச்சுட்டு வந்தாரு. முதலியார்பேட்டையில வழக்கமா வர்ற தெருவுல மழத்தண்ணி நிக்குதுன்னு பக்கத்துத் தெருவுல திரும்பிட்டாரு. வேற யாருக்கோ காத்திருந்தவனுங்க, ஆள் தெரியாம குத்திட்டானுங்க. பேப்பர்ல நாலு வரி வந்துச்சு. அவ்ளோதான்."

பள்ளியில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கிறது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த பாவிக்குத்தான் தெரியவில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

"உங்க கட்டுரையப் படிச்சிட்டு அன்னைக்கு ராத்திரி பூரா அழுதா. நீங்க வந்து கேப்பீங்க, அப்ப சொல்லிக்கலாம்னு இருந்தா."

மூன்று வருடம் காத்திருந்திருக்கிறார். பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை கேட்க என் திமிர் விடவில்லை.

பென்சில் வட்டம் போட்ட அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. இனி என் கேள்வித்தாளிலும் கடைசிக் கேள்வி அவருடையதுதான். நேற்று தாளை எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போனேன். மண் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, "வந்துட்டேன் டீச்சர், சொல்லுங்க" என்றேன்.