பச்சையாகத் தெரிந்த வானம்

என் மச்சான் முனிகிருஷ்ணனைப் போல ஒரு கல்லுளிமங்கனை நான் பார்த்ததில்லை. என் மனைவி வசந்தாவின் தம்பி. பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து, இப்போது ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலை வாசலில் செக்யூரிட்டி வேலை பார்க்கிறான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தூருக்கு வருவான். வந்ததும் அக்காள் கையால் ஒரு வாய் சோறு தின்போம் என்று இருக்கிறதா? கிடையாது. "ஆட்டோ எடுங்க மாமா" என்பான். பாகாலாவைத் தாண்டி ஒரு சின்ன ஊர். அங்கே வெங்கடலட்சுமியம்மா இருக்கிறாள். லடாக்கில் இவனோடு காவலுக்கு நின்று செத்துப்போன ரமணாவின் தாய். அவளுக்கு அவன் ஒரே பிள்ளை.

ஒரு வருஷத்துக்கு மேலாக அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். அந்த அம்மா இவனுக்குக் களி கிண்டிப் போடுவாள், எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். சாப்பிட்டு முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"அந்த வெளிச்சம் என்னா கலரு நைனா?"

"பச்சைமா" என்பான் இவன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு தட்டை எடுப்பாள். இவன் விடமாட்டான், வாங்கிப்போய் அவனே கழுவிவைப்பான்.

ரமணாவின் சவப்பெட்டியோடு வந்த அன்றைக்கே இவன் அவளுக்குச் சொன்ன கதை அது. கடைசி ராத்திரி வானத்தில் பச்சை வெளிச்சம் வந்தது, இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம், ரமணா சிரித்துக்கொண்டே இருந்தான், அப்படியே தூங்கினவன் எழுந்திருக்கவில்லை. இவ்வளவுதான். மாதாமாதம் அதையே கேட்கிறாளே, பாவம், புத்தி கொஞ்சம் பிசகிவிட்டதோ என்றுகூட நான் நினைத்தேன். எனக்குத்தான் புத்தி இல்லை.

போன பொங்கல் கழிந்து, திரும்பி வரும் வழியில், ஒரு டீக்கடை ஓரமாக ஆட்டோவை நிறுத்தச் சொன்னான். டீக்குத்தான் என்று நினைத்தேன். பின்சீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு அழுதான். அப்புறம்தான் நடந்ததைச் சொன்னான்.

அவர்கள் நின்ற உயரத்தில் மூச்சுக்கே காற்றுப் போதாதாம். மூளையில் நீர் கோத்துக்கொள்ளுமாம். கோத்துக்கொண்டவனுக்குத் தனக்கு என்னவோ ஆகிறது என்றே தெரியாதாம். அதனால் கால் மணிக்கு ஒரு தரம் ஒருவன் மற்றவனோடு பேச்சுக் கொடுத்துப் பார்க்கவேண்டும். இவர்கள் இரண்டு பேரும் ஆந்திரா-தமிழ்நாடு எல்லை ஊர்க்காரர்கள், வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. ஆகவே தங்களுக்கென்று ஒரு சோதனை வைத்துக்கொண்டார்கள். தெலுங்கில் கேட்டால் தமிழில் பதில் சொல்லவேண்டும், தமிழில் கேட்டால் தெலுங்கில். தலை தெளிவாக இருந்தால் நாக்கு தானாக மாறும். மாறாவிட்டால் உடனே ஆக்சிஜன் வைத்துக் கீழே இறக்கவேண்டும். ரமணா சாவதற்கு முந்தின குளிர்காலத்தில் முனிகிருஷ்ணனின் நாக்குதான் மாறவில்லை. ரமணா ஒரு நொடி தாமதிக்காமல் இவனை இழுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறான். இவன் உயிரோடு இருப்பதே அதனால்தான்.

ரமணாவின் கடைசி ராத்திரி, அது மே மாதம், வடக்கே வானத்தின் அடிவரம்பில் சிவப்பாக ஏதோ மங்கலாகத் தெரிந்ததாம். எதிரி ஏதாவது செய்கிறானோ என்று இவன் இருட்டில் பார்க்கும் கருவியைக் கண்ணில் வைத்தான். வெறும் கண்ணுக்கு மங்கலாக இருந்தது அதில் பளீரென்று தெரிந்தது. அந்தக் கருவியில் எல்லாமே பச்சையாகத்தான் தெரியுமாம். வானம் முழுக்கப் பச்சைக் கம்பங்கள் எழுந்து அசைந்தன. துருவப் பக்கத்தில் மட்டும் தெரிகிற வெளிச்சம், சூரியனில் புயல் அடித்ததால் இங்கேயும் வந்தது என்று மறுநாள் ஆபீசர் சொன்னாராம். அந்த நேரத்தில் இவனுக்கு ஒன்றும் தெரியாது. கண்ணை எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். இருந்ததோ ஒரே கருவி. இந்தா, நீயும் பார் என்று பக்கத்தில் இருந்தவனிடம் கொடுக்கவும் இல்லை.

கேட்கவேண்டிய நேரம் வந்தது. உங்க ஊர் எதுடா என்று திரும்பாமலே தெலுங்கில் கேட்டான்: "மீ ஊரு ஏதிரா?"

"பாகாலா தக்கர" என்று பின்னாலிருந்து பதில் வந்தது. பாகாலா பக்கம் என்று தமிழில் வரவேண்டியது தெலுங்கிலேயே வந்தது.

"காதுல வுழுந்துச்சி மாமா. நல்லா வுழுந்துச்சி. ஒரு நிமிசம் பாத்துட்டுத் திரும்பலாம்னு 'சரி சரி'ன்னுட்டேன்."

அந்த ஒரு நிமிஷம் அரை மணி நேரமாகிவிட்டது. இவன் திரும்பியபோது ரமணா மணல் மூட்டையில் சாய்ந்து கிடந்தான். விடிவதற்குள் போய்விட்டான். அரை மணி முன்னால் இறக்கியிருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் பொதுவாகச் சொன்னாராம். இவனைப் பார்த்து யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் நடுரோடு என்றும் பார்க்காமல் கத்தினேன். "பொய்யச் சொல்லிட்டு அந்தம்மா கையாலயே துன்னுக்கினு இருக்கியே, உனக்கு எப்படிடா எறங்குது?" தன் அம்மா செத்த பிறகு தனக்கென்று இருக்கிற வீடு அது ஒன்றுதான், சொன்னால் அதுவும் போய்விடும் என்றான். போனால் போகட்டும், சொல்லித் தொலை, பெற்றவளுக்கு உண்மை தெரியவேண்டாமா என்றேன். வீட்டில் வசந்தா, உனக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்று என்னைத்தான் திட்டினாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த மாதம் முழுக்கப் போன் செய்து அவனை அரித்தெடுத்தேன்.

அடுத்த தடவை சாப்பாடு முடிந்தது. வழக்கம்போல அவள் நிறம் கேட்டாள். முனிகிருஷ்ணன் பச்சை என்று சொல்லவில்லை. ரமணா கருவியில் பார்க்கவே இல்லை, நான் மட்டும்தான் பார்த்தேன் என்று ஆரம்பித்து, தெலுங்கில் வந்த பதிலையும், அது தன் காதில் விழுந்ததையும், திரும்பாமல் இருந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னான்.

வெங்கடலட்சுமியம்மா அழவில்லை. எழுந்துபோய், டிவி பக்கத்தில் எப்போதும் சார்ஜில் கிடக்கும் ஒரு பழைய போனை எடுத்து வந்தாள். ரமணாவின் போன். அவன் பெட்டியோடு வந்தது. பாகாலாவில் ஒரு போன் கடையில் கொடுத்துத் திறந்து வாங்கியிருக்கிறாள். அதில் ஒரு வீடியோவைப் போட்டாள். கை நடுங்க எடுத்த வானம். செங்கல் சூளை நெருப்பு மாதிரி மங்கின சிவப்பு. பச்சை ஒரு பொட்டுக்கூட இல்லை. அதற்குள்ளிருந்து முனிகிருஷ்ணனின் குரல், "மீ ஊரு ஏதிரா?" ரமணாவின் குரல் இழுத்து இழுத்து, "பாகாலா தக்கர." பிறகு, "சரி சரி." அதன்பின் படம் கறுப்பாகிவிட்டது.

"இந்தக் கேள்வி வெளாட்டப் பத்தி அவன் போன்ல சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்" என்றாள். "இந்த செவப்பப் பாத்த அன்னிக்கே தெரியும், நீ சொன்ன பச்சைய என் புள்ள உன்கூட சேந்து பாக்கலன்னு. அது போவட்டும். அவன் சொன்னது உன் காதுல வுழலியோ, காத்து அடிச்சிக்கினு இருந்துச்சோன்னு மனச தேத்திக்கினு உனக்கு சோறு போட்டேன். இப்ப வுழுந்துச்சின்னு நீயே சொல்லிட்ட."

முனிகிருஷ்ணன் தட்டை எடுக்கக் குனிந்தான். அவள் அதை வாங்கிக்கொண்டாள்.

"வுடு. நான் கழுவிக்கிறேன். இனிமே வராத நைனா."

முனிகிருஷ்ணன் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதில்லை. போன் செய்தால் எடுக்கிறான், டூட்டியில் இருக்கிறேன் என்று வைத்துவிடுகிறான். சொல்லித் தொலை என்று சொன்னவன் நான்தான்.