ஜேசுதாசன் திரும்பக் கொண்டுவந்த ஏழு நாய்கள்

ஜேசுதாசனை எங்கள் தெரு இரண்டு முறை ஏசியது. நாய்களைப் பிடித்தபோது ஒரு முறை, பிடித்த நாய்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டபோது ஒரு முறை. இரண்டு முறையும் அவன் வேலையை முடித்துவிட்டுத்தான் போனான். எனக்குத்தான் வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

அவனுக்குச் சொந்த ஊர் கூடுதாழை. கடல் தொழில். நாற்பது வயதில் வள்ளத்தைக் கரையேற்றும்போது இடுப்பில் அடிபட்டு, அதற்குப் பிறகு அலையில் நிற்க முடியாமல் போயிற்று. கை மட்டும் கெடவில்லை. மனைவி லூர்து மேரியோடு பாளையங்கோட்டைக்கு வந்து, தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யும் ஓர் அறக்கட்டளையில் நாய் பிடிக்கும் வேலைக்குச் சேர்ந்தான். அங்கே மற்றவர்கள் கம்பி வளையத்தைக் கழுத்தில் மாட்டி இழுப்பார்கள். இவன் வீச்சுவலை போட்டான். வலையைக் கனமாக்கக் கட்டும் ஈயக்குண்டு நாயின் கண்ணில் பட்டுவிடும் என்று அத்தனையையும் அறுத்தெடுத்துவிட்டு, விளிம்பில் தடித்த கயிற்றை நனைத்துக் கோத்திருந்தான். வலை விரிந்து விழும். நாய் என்னவென்று திரும்பிப் பார்ப்பதற்குள் சுருட்டி வண்டியில் ஏற்றிவிடுவான்.

நாய்மேல் அவனுக்குப் பெரிய பாசம் ஒன்றும் கிடையாது. நானும் நாயைக் கொஞ்சுகிறவள் அல்ல. நர்ஸ் வேலையில் வெறிநாய்க்கடி முற்றி இரண்டு பேர் சாவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தண்ணீர்த் தம்ளரைக் கண்டு அலறுகிறவனைக் கட்டிலோடு கட்டிப்போட்டிருக்கிறேன். ஊசி போட்ட நாய் தெருவில் இருந்தால் நல்லது, போடாத நாய் இருந்தால் கெடுதல். இதில் பாசத்துக்கு என்ன வேலை?

நாய்த்தொல்லை தாங்கவில்லை என்று மனுக் கொடுத்தவர் எங்கள் தெருச் சங்கத் தலைவர் அப்பாத்துரை. போன ஆனியில் ஜேசுதாசன் வண்டியோடு வந்தபோது வாசலில் நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்தார். எதிர் மாடியிலிருந்து ஹெப்சிபா கைப்பேசியில் படம் எடுத்தாள். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பெண். விலங்குகளைக் காப்பாற்றுவது பற்றித் தினமும் எதையாவது எழுதிப் போடுவாள்.

“எப்படிக் கத்துது பாருங்க! உங்களுக்கெல்லாம் மனசே இல்லையா?” என்றாள் மேலிருந்து.

“வலையில விழுந்தா மீனே துள்ளும் தாயி, நாயி கத்தாதா?” என்றான் அவன்.

அந்தப் பேச்சை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டாள். பொழுது சாய்வதற்குள் எந்தெந்த ஊரிலோ இருக்கிறவர்கள் எல்லாம் அவனைக் கொலைகாரன் என்று எழுதினார்கள். அவர்களில் ஒருவராவது ஒரு நாய்க்கு ஊசி போட்டிருப்பாரா என்று நான் ஹெப்சிபாவிடம் கேட்டேன்.

ஆறாம் நாள் ஏழு நாய்களையும் திரும்பக் கொண்டுவந்தான். ஒவ்வொன்றின் இடது காதிலும் சின்ன வெட்டு. கருத்தடை செய்து, வெறிநோய் ஊசியும் போட்டாயிற்று என்பதற்கு அடையாளம். அப்பாத்துரை நாற்காலியை விட்டு எழுந்து வந்தார்.

“என்னவே இது? கொண்டு போனதத் திரும்பக் கொண்டாந்து எறக்குதீரு?”

“சட்டம் அப்படித்தான் அண்ணாச்சி. புடிச்ச எடத்துலயே விடணும். இதுக இங்கன கெடந்தா வேத்து நாய உள்ள விடாது.”

“அப்ப ஒம்ம வீட்டுல கொண்டு கட்டும்வே.”

“இருக்கது ஒத்த அறை அண்ணாச்சி. நாயக் கட்டிட்டா லூர்து மேரிய எங்கன கட்ட?”

நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாத்துரை சிரிக்கவில்லை. காது வெட்டு எதற்கென்று ஜேசுதாசன் அவர் முகத்துக்கு நேரே சொன்னான். நானும் கூட நின்றேன்.

அவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் இசக்கியம்மா அதைக் கேட்கவில்லை. அவளுக்கு ஆழ்வார்குறிச்சிப் பக்கம். அவள் ஊரில் சுடலைமாடனுக்கு நேர்ந்துவிடும் கிடாயின் காதில் இப்படித்தான் வெட்டுவார்களாம். காதில் வெட்டு விழுந்தால் சாவுக்கு நாள் குறித்தாயிற்று என்று பொருள். வெறிபிடித்த நாய்களைக் கொல்வதற்காக அடையாளம் போட்டிருக்கிறார்கள் என்று அவளாக முடிவு கட்டிக்கொண்டு, முதலாளியிடம் கேட்டிருக்கிறாள். விவரம் தெரிந்த மனிதர், இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான்கு நாள் கழித்து ஐந்து நாய்கள் தெருவில் விறைத்துக் கிடந்தன. வாயில் நுரை. பக்கத்தில் கக்கிய கோழிக்குடல். தையல் பிரிந்து சாகிற நாய் அப்படிக் கிடக்காது. மாடிக்குப் போய் ஹெப்சிபாவிடம் அதைச் சொன்னேன். ஆபரேஷனில் கொன்றுவிட்டார்கள் என்று அவள் அதற்குள் எழுதிவிட்டிருந்தாள்.

“நீங்க நர்ஸ்தானே ஆன்ட்டி, டாக்டர் இல்லையே” என்றாள்.

நாய்களை அன்றைக்கே குழிதோண்டிப் புதைத்துவிட்டார்கள். அறுத்துப் பார்க்க ஒன்றும் மிஞ்சவில்லை. விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்று அறக்கட்டளை ஜேசுதாசனை நிறுத்திவைத்தது. விசாரணை என்று ஒன்று தொடங்கவே இல்லை. அவன் கூடுதாழைக்குப் போய் அடுத்தவன் வலையைப் பின்னிக்கொண்டிருந்தான். போனில் கூப்பிட்டேன்.

“நீ போய் நடந்ததைச் சொல்ல வேண்டியதுதானே?”

“என்னத்தச் சொல்ல சிஸ்டர்? புடிச்சாலும் பாவி, விட்டாலும் பாவி. அதுக செத்ததுக்கும் நாந்தான் பாவி.”

மூன்றே வாரம். மார்க்கெட் பக்கமிருந்து நான்கு புதிய நாய்கள் தெருவுக்குள் வந்தன. தடுக்க இங்கே நாய் இல்லையே; சாகாமல் மிஞ்சிய இரண்டும் அன்றைக்கே தெருவை விட்டு ஓடியிருந்தன. அதில் ஒன்று இசக்கியம்மாவின் கெண்டைக்காலைக் கடித்தது. காயத்தில் காப்பித்தூளை அப்பிக்கொண்டு என்னிடம் வந்தாள். குழாயடியில் உட்காரவைத்து, சோப்புப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் கழுவினேன்.

“சிஸ்டரம்மா, கடிச்சது காது அறுக்காத நாயி. அப்ப வெறி இருக்காதுல்லா?”

“இதுக்குத்தான்டி இருக்கும். காது அறுத்ததுக்குத்தான் ஊசி போட்டிருந்தது.”

அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

“அண்ணாச்சி மருந்து தந்தாரு. கோழிக்கொடல்ல பெசஞ்சு வச்சது நாந்தான். அதுகளுக்கு எப்படியும் சாவுதான, நாம முந்திக்கிடுவோம்னு சொன்னாரும்மா.”

திட்டுவதற்கு எனக்கு நேரம் இல்லை. பெரியாஸ்பத்திரியில் முதல் ஊசியைப் போட்ட கையோடு அறக்கட்டளை அலுவலகத்துக்கு அவளைக் கூட்டிப்போனேன். வாயைத் திறந்தால் வேலை போகும் என்று அவளுக்குத் தெரியும். திறந்தாள். வேலை போயிற்று. தெருக்காரர்களைப் பகைத்துக்கொள்ள முடியாது என்று மேலாளர் போலீசுக்கு எழுத மறுத்துவிட்டார். ஜேசுதாசனை மட்டும் திரும்பக் கூப்பிட்டார். நிறுத்தியது தப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. ஹெப்சிபாவிடம் அந்தப் படத்தை எடுத்துவிடச் சொன்னேன்.

“நிறையப் பேர் பார்த்துட்டாங்க ஆன்ட்டி. இப்ப எடுத்தா என்னைத் தப்பா நினைப்பாங்க.”

அவளைத் தப்பாக நினைக்கக் கூடாதாம்!

செவ்வாய்க்கிழமை காலை ஜேசுதாசன் வந்தான். மூன்று நாய்களை வண்டியில் ஏற்றிவிட்டான். கடித்த நாய் மட்டும் மதிலைத் தாண்டி அப்பாத்துரை வீட்டு வளவுக்குள் குதித்துவிட்டது. கேட் பூட்டியிருந்தது.

“அண்ணாச்சி, கேட்டத் தொறங்க. ஊசி போடாத நாயி உள்ள நிக்கி.”

சன்னலுக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. “புடிச்சா மறுபடி இங்கனதான கொண்டாந்து விடுவீரு?”

“ஆமா அண்ணாச்சி.”

“அப்பத் தொறக்க மாட்டேன்.”

காலில் கட்டோடு நின்ற இசக்கியம்மா கேட்டைப் பிடித்து உலுக்கினாள். “இதுக்கும் வெசம் வச்சீருன்னா, ஆபீசுல சொன்னத போலீஸ் டேசன்லயும் போய்ச் சொல்லுவேன்.”

“நீதானடி பெசஞ்ச?”

“நாந்தான். எம் பேரயும் சேத்தே சொல்லுதேன்.”

சன்னல் சாத்திக்கொண்டது. உள்ளே நாய் குரைத்தது. ஒரு வீடும் எட்டிப் பார்க்கவில்லை. ஜேசுதாசன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு மதில் ஓரம் நிழலில் உட்கார்ந்தான்.

“பைய தொறப்பாரு சிஸ்டர். நாயோட எம்புட்டு நேரம் உள்ள இருப்பாரு?”